துளைக்கு முதற்காரணம் ஏது?

கணினிப் பெட்டியின் பக்கத் தகட்டில் மின்விசிறிக்காகப் போடும் துளையும், உள்ளே இருப்பது வெளியே தெரிவதற்காகத் திறக்கும் சாளரமும் செய்பொருள்கள்தாம். ஒருவர் அளவெடுத்து, கோடு போட்டு, நேரம் செலவிட்டுச் செய்கிறார். செய்து முடித்ததும் நன்றாக வந்திருக்கிறது என்றோ கோணலாகிவிட்டது என்றோ பார்ப்பவர்கள் சொல்கிறார்கள். ஆனால் அந்தத் துளை எதனால் ஆனது என்று கேட்டால் பதில் எளிதில் கிடைப்பதில்லை. தகட்டால் ஆனது என்று சொல்ல முடியாது. தகடு முடிகிற இடத்தில்தான் துளை தொடங்குகிறது. காற்றால் ஆனது என்றும் சொல்ல முடியாது. காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்தாலும் துளை அப்படியே இருக்கும். செய்யப்பட்ட ஒன்று கண்ணெதிரே இருக்கிறது, அதற்கு மூலப்பொருள் மட்டும் இல்லை.

இந்தச் சிக்கல் தருக்க நூலாருக்குப் பழக்கமானது. குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்று சைவ சித்தாந்தம் பிரிக்கிறது. நியாய வைசேடிகரும் காரணம் மூன்று என்பார்கள். ஆனால் அவர்கள் பிரிக்கும் விதம் வேறு. சமவாயி (குடத்துக்கு மண்), அசமவாயி (மண் பகுதிகளின் சேர்க்கை), நிமித்தம் என்பவை அவர்களுடைய மூன்று. செய்பவனும் கருவியும் நிமித்தத்துக்குள்ளேயே அடங்கிவிடுவார்கள். முதலிரண்டு காரணங்களும் உள்பொருளுக்கு மட்டுமே உண்டு, ஒன்று அழிந்து இல்லாமல் போவதற்கு நிமித்த காரணம் மட்டுமே உண்டு என்பது அவர்கள் முடிபு. குடத்தை வனைய மண் வேண்டும். உடைக்க ஒரு தடி போதும்.

இதைத் தகட்டுக்குப் பொருத்தினால் விளைவு கடுமையானது. ஒரு வட்டத்துக்குள் தகடு இல்லாமல் போனதற்குக் காரணம் வெட்டிய கருவியும் வெட்டிய கையும்தான். மூன்றாவதாக எதுவும் இல்லை. குடம் சரியாக வராவிட்டால் மண் சரியில்லை என்று குயவர் சொல்லிக்கொள்ளலாம். துளை போடுபவருக்கு அந்தச் சலுகை கிடையாது. தகடு மெலிந்தது, அதிர்ந்துவிட்டது என்று சாக்குச் சொன்னாலும், மெலிந்த தகட்டுக்கு ஏற்ற கருவியை எடுக்காத குறைதான் அது என்று கேள்வி திரும்பி வந்துவிடும். எந்தக் கருவியை எடுப்பது என்ற பட்டறைக் கேள்வி மெய்யியலைத் தொடுவது இந்த இடத்தில்தான்.

துளை என்று ஒன்று உண்டா என்பதே முதலில் வழக்கில் இருக்கிறது. மீமாம்சகரில் பிரபாகரர் வழியினர் இன்மையைத் தனிப்பொருளாக ஏற்க மாட்டார்கள். தரையில் குடம் இல்லை என்றால் அங்கே இருப்பது வெறுந்தரை, அவ்வளவுதான். அதற்கு மேல் இன்மை என்று ஒரு சரக்கு அங்கே கிடையாது. குமாரிலபட்டர் வழியினர் இதை மறுத்து, இன்மையும் அறியப்படும் பொருளே, அதை அறிவதற்கு அனுபலப்தி என்று தனி அளவையும் உண்டு என்றார்கள். வைசேடிகத்தின் பிற்கால ஆசிரியர்கள் ஆறு பதார்த்தங்களோடு அபாவத்தை, அதாவது இன்மையை, ஏழாவதாகச் சேர்த்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் அன்னம்பட்டர் எழுதி, பின்னர் சிவஞான முனிவர் தமிழாக்கிய தருக்க சங்கிரகத்தில் அந்த ஏழும் உண்டு.

மேற்கத்திய மெய்யியலில் இதே வழக்கு 1970இல் ஒரு வேடிக்கையான உரையாடலாக வந்தது. டேவிட் லூயிஸ், ஸ்டெபானி லூயிஸ் இருவரும் ‘துளைகள்’ என்ற தலைப்பில் எழுதிய கட்டுரை அது. ஆர்கிள், பார்கிள் என்ற இருவர் பாலாடைக்கட்டியில் உள்ள துளைகளை வைத்து வாதாடுகிறார்கள். ஆர்கிள் சடப்பொருளைத் தவிர வேறெதையும் ஒப்பாதவர். ஆனாலும் துளை இல்லை என்று அவர் சொல்வதில்லை. துளையைச் சூழ்ந்து நிற்கும் உட்சுவர்தான் துளை, அது சடப்பொருள்தானே என்று சமாளிக்கிறார். கெட்டிக்காரத்தனமான வாதம்தான். ஆனால் தகட்டின் விளிம்பில் அரத்தை வைத்து நான்கு இழுப்பு இழுத்தால் இந்த வாதம் தடுமாறுகிறது. முன்பு சுவராக இருந்த உலோகம் தூளாகி மேசையில் கிடக்கிறது. துளையோ அழியவில்லை, கொஞ்சம் பெரிதாகியிருக்கிறது. துளை அதன் சுவர்தான் என்றால் சுவர் போனதும் துளையும் போயிருக்க வேண்டும். ராபர்ட்டோ கசாட்டியும் அக்கிலே வார்ட்சியும் 1994இல் வெளியிட்ட நூலில் எடுத்த நிலை இதைவிடத் தாக்குப்பிடிக்கிறது. துளை சடப்பொருள் அல்ல, ஆனாலும் உண்மையான ஒன்று. தான் இருக்கும் பொருளைச் சார்ந்தே அது நிற்கும், அந்தப் பொருள் இல்லாமல் தனித்து நில்லாது. வேறொன்றால் நிரப்பினாலும் அழியாது. அக்ரிலிக் பொருத்திய சாளரம் நிரப்பிய துளைக்கு நல்ல எடுத்துக்காட்டு.

சார்ந்து நிற்பது என்ற இந்தக் கருத்து கருவித் தேர்வுக்கு நேரே உதவுகிறது. துளையைத் தனியாக எடுத்துப் பார்க்க யாராலும் முடியாது. பார்க்கக் கூடியது விளிம்பு மட்டுமே. எடுத்துப் போடுவதுதான் கருவியின் வேலை. ஆனால் அது விட்டுவைத்ததை வைத்துத்தான் அதற்கு மதிப்பெண் கிடைக்கிறது.

வெட்டும் கருவியைப் பற்றி நையாயிகர் நுணுக்கமாகவே பேசியிருக்கிறார்கள். ஒரு செயலுக்கு வேண்டிய காரணங்களுள் அதற்கே சிறப்பாக உரியது கரணம். கோடரியால் மரம் வெட்டுவது அவர்களுக்கு ஓயாத உதாரணம். கோடரி மரத்தில் பட்டு இறங்குவதை வியாபாரம் என்பார்கள். கருவிக்கும் விளைவுக்கும் நடுவே நிகழும் தொழிற்பாடு அது. கரணம் என்பது கோடரியா, அந்தத் தொழிற்பாடா என்பதில் அவர்களுக்குள் இரண்டு கட்சி உண்டு. தகடு வெட்டுபவர்கள் தெரியாமலேயே இரண்டாம் கட்சியில் இருக்கிறார்கள். கருவிகள் கடையில் பெயராலும் விலையாலும் வேறுபடும்; தகட்டின் மேல் வைத்ததும் தொழிற்பாட்டால் மட்டுமே வேறுபடும். பல்லால் செதுக்குபவை ஒரு வகை. உராய்வு மணியால் தேய்ப்பவை இன்னொரு வகை. இரண்டு விளிம்புகளுக்கு நடுவே பிடித்து நறுக்குபவை மூன்றாவது. விளிம்பு எப்படி அமையும் என்பதைத் தீர்மானிப்பது இந்த வேறுபாடுதான்.

பல்லுள்ள கருவிகளில் வட்டத் துளைக்கு உரியது ஹோல்சா. கிண்ணம் போன்ற உருளை, அதன் வாயைச் சுற்றிப் பற்கள், நடுவே வழிகாட்டும் டிரில் பிட். 120 மி.மீ. விசிறிக்கு வழக்கமாக எடுப்பது நாலரை அங்குல ஹோல்சா, அதாவது 114 மி.மீ.; பழைய 80 மி.மீ. விசிறிக்கு மூன்று அங்குலம். விசிறியின் நான்கு திருகுத் துளைகள் முன்னதற்கு 105 மி.மீ. இடைவெளியிலும் பின்னதற்கு 71.5 மி.மீ. இடைவெளியிலும் அமையும். 114 மி.மீ. கிண்ணத்தின் சுற்றளவு 358 மி.மீ. பல் சூடேறி மழுங்காமல் மென்னெஃகை வெட்ட நிமிடத்துக்கு 30 மீட்டர் அளவு வேகம் ஏற்றது என்பது பட்டறைக் கணக்கு. அப்படியானால் கிண்ணம் நிமிடத்துக்கு 84 சுற்றுதான் சுற்ற வேண்டும். வீட்டு டிரில்லின் விசையை முழுக்க அழுத்தினால் ஆயிரம் சுற்றைத் தாண்டிவிடும். சில நொடிகளில் பல் நீலம் பாய்ந்து மழுங்கிவிடும். கியரைக் குறைந்த வேகத்தில் வைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, தகட்டுக்கு அடியில் மரப்பலகை கொடுத்து இறுக்கிக்கொண்டால் அதே கிண்ணம் அமைதியாக வெட்டும். அதன் எல்லாப் பற்களும் ஒரே நேரத்தில் தகட்டைத் தொடுவது அதன் பலம். கை சாய்ந்தால் அதுவே பலவீனமாகிறது: ஒரு பக்கம் முன்னதாக அறுந்து, மீதிப் பற்கள் அந்த இடுக்கில் மாட்டி, டிரில்லே மணிக்கட்டோடு முறுக்கிக்கொள்ளும்.

ஜிக்சாவின் கதை நேர்மாறு. அதன் வாள் தகட்டின் குறுக்கே மேலும் கீழும் போகிறது. தகட்டின் கனத்துக்குள் எத்தனை பல் அடங்குமோ அத்தனைதான் எந்தக் கணத்திலும் வெட்டும். அங்குலத்துக்கு 32 பல் உள்ள நெருக்கமான வாளில்கூட இரண்டு பற்களுக்கு இடையே 0.8 மி.மீ. இருக்கும். கணினிப் பெட்டித் தகடோ பெரும்பாலும் ஒரு மி.மீ.க்கு உட்பட்டது. ஒற்றைப் பல்தான் தகட்டில் தங்குகிறது. அதுவும் நழுவி அடுத்த பல் வந்து மோதும்போது தகடு தடதடவென்று துள்ளும். தகட்டின் இருபுறமும் மெல்லிய பிளைவுட் வைத்துக் கிளாம்ப் போட்டு மூன்றையும் சேர்த்து அறுப்பது பழைய உபாயம். மரம் வெட்டப்படுவதற்காக வைக்கப்படுவதில்லை. பற்களுக்குக் கனம் காட்டுவதற்காக வைக்கப்படுகிறது. சாளரத்தின் நீண்ட நேர்க்கோடுகளுக்கும் அகன்ற வளைவுகளுக்கும் ஜிக்சாவைப் போலக் கைகொடுப்பது வேறில்லை. அதன் அடித்தட்டு பெயின்ட்டைக் கீறாமலிருக்க மாஸ்கிங் டேப் ஒட்டி, கோட்டையும் அந்த டேப்பின் மேலேயே போட்டுக்கொள்வார்கள்.

உராய்வு வட்டில் கணக்கு தலைகீழாகிறது. 1932இல் அமெரிக்காவின் ரசீன் நகரில் ஆல்பர்ட் டிரெமல் தொடங்கிய நிறுவனத்தின் பெயரே இன்று இந்த வட்டை ஓட்டும் சிறு சுழல்கருவிக்குப் பொதுப்பெயர்போல் ஆகிவிட்டது. அதில் 38 மி.மீ. வட்டை மாட்டி நிமிடத்துக்கு 30,000 சுற்றில் ஓட்டினால் வட்டின் ஓரம் நொடிக்கு 60 மீட்டர் வேகத்தில் பாயும். ஹோல்சாவின் பல் ஒரு நிமிடத்தில் போக வேண்டிய தூரத்தைப் போல இருமடங்கை இது ஒரே நொடியில் போகிறது. பல்லுக்குக் கேடான வேகம் மணிக்குப் பலம். ஆனால் வட்டு நேர்க்கோட்டில் மட்டுமே செல்லும். அதைக்கொண்டு வட்டம் வெட்ட முயன்றால் பல பக்கங்கள் கொண்ட பலகோணம்தான் கிடைக்கும், மீதியை அரத்தால் தேய்த்துத்தான் வட்டமாக்க வேண்டும். சாளரத்தின் மூலையில் இன்னொரு தொல்லை. வட்டு உருண்டையானது என்பதால் முன்பக்கக் கீறல் பின்பக்கக் கீறலைவிட 5 மி.மீ. வரை நீண்டுவிடும். பின்பக்கம் மூலையைத் தொடட்டும் என்று காத்திருந்தால் முன்பக்கத்தில் கோடு தாண்டிய தழும்பு நிலைத்துவிடும். பெட்டித் தகட்டின் துத்தநாகப் பூச்சு சூட்டில் புகைவதால் முகமூடியும், தீப்பொறி பறப்பதால் கண்ணாடியும் வேண்டும். அலுமினியப் பெட்டிக்கு இந்தக் கருவி பொருந்தாது. மென்மையான அலுமினியம் மணிகளுக்கு இடையே அப்பிக்கொண்டு வட்டின் வாயை அடைத்துவிடும். அதற்குப் பல்லும் சிறிது மண்ணெண்ணெயும்தான் சரி.

நறுக்கும் வகையில் நிப்ளர் தனித்து நிற்கிறது. ஒவ்வொரு கடியிலும் தகட்டிலிருந்து ஒரு சிறு துண்டைக் கத்தரித்துக் கீழே தள்ளும். சூடு கிடையாது, பொறி கிடையாது, பெயின்ட் கருகாது, தகடும் கோணாது. பதிலுக்குப் பொறுமையைக் கேட்கும். தொடங்குவதற்குத் தலை நுழையும் அளவு ஒரு துளையையும் முன்கூட்டியே கேட்கும். துளை போட ஒரு துளை வேண்டும் என்ற இந்த நிபந்தனை ஜிக்சாவுக்கும் உண்டு. அந்த முதல் துளைக்கு ஸ்டெப் டிரில்லே போதும். படிப்படியாக அகலும் அதன் கூம்பு மெல்லிய தகட்டில் சாதாரண டிரில் பிட் போல முக்கோணமாகக் குதறாமல் வட்டமாகவே திறக்கும். திருகை முறுக்க முறுக்க ஒரு வெட்டுவாயை அச்சுக்குள் இழுத்து ஒரே இழுப்பில் துளைக்கும் நாக்அவுட் பஞ்ச் மின்பணியாளர்களின் கருவி. விளிம்பு மிகச் சுத்தமாக வரும். விசிறியளவு பெரிய அச்சின் விலை ஒற்றைத் துளைக்குக் கட்டுபடியாகாது. தகடு வெட்டும் கத்தரியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வெளி ஓரத்தை வெட்ட அது நல்லது. உள்ளே துளை வெட்டினால் ஓரம் முழுக்கச் சுருண்டு நெளியும்.

கருவியைத் தேர்ந்தெடுப்பது யார் என்பது அடுத்த கேள்வி. வெட்டுபவரின் விருப்பமா, வெட்டப்படும் பொருளின் இயல்பா? பிளேட்டோவின் கிராட்டிலஸ் உரையாடலில் சாக்ரடீஸ் இதை நேரடியாகவே எழுப்புகிறார். ஒன்றை வெட்டும்போது நம் இஷ்டப்படி, கையில் கிடைத்ததைக் கொண்டு வெட்டலாமா, அல்லது வெட்டுதல், வெட்டுப்படுதல் இரண்டின் இயல்புக்கும் ஏற்ற கருவியால் வெட்ட வேண்டுமா என்று அவர் கேட்க, இரண்டாவதுதான் சரி என்று ஹெர்மோஜினிஸ் ஒப்புக்கொள்கிறார். அரிஸ்டாட்டில் இன்னும் ஒரு படி போகிறார். அறுக்க வேண்டும் என்ற நோக்கம் இருக்குமானால் ரம்பம் இரும்பாகத்தான் இருந்தாக வேண்டும்; கம்பளியாலோ மரத்தாலோ ரம்பம் செய்ய முடியாது. நோக்கத்தை முதலில் வைத்தால் பொருள் தானே கட்டாயமாகிறது. சுவாங்சி என்ற சீன நூலில் வரும் சமையற்காரர் டிங் 19 ஆண்டுகளாக ஒரே கத்தியால் மாடுகளைக் கூறுபோட்டும் அதன் கூர் மழுங்கவில்லை. எலும்புக்கும் எலும்புக்கும் இடையே உள்ள இடைவெளியில் அவர் கத்தியை விடுவார். சாதாரணச் சமையற்காரர் எலும்பைக் கொத்துவதால் மாதம் ஒரு கத்தி மாற்றுவார்.

மூன்றும் மதிப்புள்ள வாதங்கள்தாம். ஆனால் உருட்டிய எஃகுத் தகட்டின் முன்னே இவை முழுதாகச் செல்வதில்லை. மாட்டுக்கு மூட்டு உண்டு. தகட்டுக்கு மூட்டு இல்லை. அதன் நடுவில் எந்தப் புள்ளியை எடுத்தாலும் அடுத்த புள்ளியைப் போலவே இருக்கும். இங்கே வெட்டு, அங்கே வெட்டாதே என்று தகடு தானாகச் சொல்வது எதுவுமில்லை. பெட்டியாக மடித்த பிறகு மட்டும் சிறிது சொல்கிறது: மடிப்பு, அழுத்திய வரிமேடு, ரிவெட், ஸ்பாட் வெல்டிங் உள்ள இடங்கள் பெட்டியின் விறைப்பைத் தாங்குபவை, அவற்றைத் தவிர்க்க வேண்டும். அதற்கு மேல் தகட்டின் இயல்பு கருவியின் வேகத்தையும் பல்லையும்தான் முடிவு செய்கிறது. துளையின் இடத்தையும் வடிவத்தையும் ஓரத்தின் தரத்தையும் முடிவு செய்வது வேறொன்று. அதன் வழியே எது போக வேண்டும் என்பதே அது.

துளை என்பது எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரித் துளை அல்ல. மூன்று மி.மீ. அக்ரிலிக் பொருத்திய சாளரம் கண்ணுக்குத் துளை. தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 92 விழுக்காட்டை அது உள்ளே விடும். காற்றுக்கு அது சுவர். வானொலி அலைகளுக்கு மறுபடியும் துளை. உலோகப் பெட்டி உள்ளிருக்கும் மின்சுற்றுகளின் அலைகளை அடைத்து வைக்கும் கூண்டாகவும் வேலை செய்கிறது. அந்தக் கூண்டில் ஓட்டை எவ்வளவு பெரியது என்பதை அலைகள் பரப்பை வைத்து அளப்பதில்லை, அதன் மிக நீண்ட அளவை வைத்தே அளக்கின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 125 மி.மீ.; 114 மி.மீ. துளை அதற்குக் கதவைத் திறந்து வைத்ததற்குச் சமம். அலைநீளத்தில் இருபதில் ஒரு பங்கு, அதாவது ஆறு மி.மீ. அளவுக்குக் குறைந்த கண்களுள்ள உலோக வலையை அந்தத் துளையின் மேல் பொருத்திவிட்டால் நிலைமை மாறும். வலை தகட்டைத் தொடும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி உலோகத்தோடு உலோகம் பட வைக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. அப்போது அதே இடம் காற்றுக்குத் துளையாகவும், வானொலி அலைக்குச் சுவராகவும், கண்ணுக்கு இரண்டும் கெட்டானாகவும் இருக்கும்.

இது துளை பற்றிய வழக்கில் புதிதாக ஒன்றைச் சேர்க்கிறது. நியாய நூல்கள் இன்மைக்கு இரண்டு முனைகளைச் சொல்கின்றன. எது இல்லையோ அது பிரதியோகி. எங்கே இல்லையோ அது அனுயோகி. தகடு இல்லை, பெட்டியின் பக்கத்தில் இல்லை. இதுவரை சரி. ஆனால் அந்த இன்மை துளையாகச் செயல்படுவதற்கு மூன்றாவதாக ஒன்று வேண்டியிருக்கிறது: கடந்து செல்வது. தாவோ தே ஜிங்கின் பதினோராம் அதிகாரம் வீட்டுக்குக் கதவும் சாளரமும் வெட்டுவதைச் சொல்லி, பயன் வெற்றிடத்திலிருந்தே வருகிறது என்கிறது. அது யாருக்குப் பயன் என்பதையும் கேட்டிருந்தால், காற்றுக்கு வெட்டிய இடம் ஒளிக்கு வெட்டிய இடம் ஆகாது என்ற வேறுபாடும் அங்கே வந்திருக்கும்.

கருவித் தேர்வு இந்த மூன்றாவது முனையைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். பழைய பெட்டிகளில் விசிறி இருக்கும் இடத்தில் தகட்டை முழுக்கத் திறக்காமல் சிறுசிறு ஓட்டைகளாக அச்சடித்து விட்டிருப்பார்கள். அந்தக் குறுக்குக் கம்பிகளில் காற்று மோதி இரைச்சலிடும். அவற்றை நீக்குவதே நோக்கம் என்றால் நிப்ளரோ சிறு வட்டோ போதும்; மேலே கம்பி வளையம் வந்து ஓரத்தை மறைக்கப்போகிறது, காற்றும் ஓரத்தின் அழகைப் பார்ப்பதில்லை. சாளரத்தின் ஓரத்தைப் பொதுவாக இரட்டைக் கவை உள்ள ரப்பர் பட்டை மூடிவிடும். பட்டையின் ஒரு கவையில் தகடும் மறு கவையில் அக்ரிலிக்கும் உட்காரும், ஓரிரு மி.மீ. கோணல் அதற்குள் காணாமல் போகும். அங்கே ஜிக்சாவின் முரட்டு ஓரமே தாராளம். அக்ரிலிக்கைப் பின்புறம் ஒட்டி, தகட்டின் ஓரத்தை வெளியே காட்டுவதாக இருந்தால் மட்டுமே கண் ஓரத்தின் மேல் நேராக நிற்கும். அப்போதுதான் அரம், எமரித் தாள், பொறுமை எல்லாம் உண்மையில் செலவாக வேண்டும். ரப்பருக்குள் புதையப்போகும் ஓரத்தை மணிக்கணக்கில் மெருகேற்றுவது நேர்த்தி போலத் தோன்றும். துளை எதற்காக என்ற கேள்வியைக் கேட்காததால் வரும் உழைப்பு அது.

சாளரத்தை அடைக்கும் அக்ரிலிக்கையும் வெட்டியாக வேண்டும். அதில் விசித்திரமான ஒன்று நடக்கிறது. வாளை வேகமாக ஓட்டினால் உராய்வுச் சூட்டில் அக்ரிலிக் உருகி, வாள் கடந்ததும் பின்னாலேயே குளிர்ந்து ஒட்டிக்கொள்கிறது. அறுத்துக்கொண்டே போகிறவர் திரும்பிப் பார்த்தால் அறுத்த கோடு மூடியிருக்கும். கருவி சரி, கை சரி, தொழிற்பாடும் நடந்தது, விளைவு மட்டும் இல்லை. தொழிற்பாடே கரணம் என்ற கட்சிக்கு இது சங்கடமான சாட்சி. வேகத்தைக் குறைத்து, பெரிய பற்களை எடுத்தால் சீவல்கள் சூட்டைச் சுமந்து வெளியேறும், கோடு திறந்தே நிற்கும். அக்ரிலிக்குக்குப் பதிலாகப் பாலிகார்பனேட் எடுத்தால் விரிசல் பயம் குறைவு. கீறல் பயம் அதிகம்.

தருக்க நூலார் பிரிக்கும் நான்கு இன்மைகளுள் இரண்டு துளை போடுபவருக்கு நேரே உரியவை. ஒன்று தோன்றுவதற்கு முன் இருக்கும் இன்மை முன்னின்மை: அதற்குத் தொடக்கம் இல்லை, முடிவு உண்டு. ஒன்று அழிந்தபின் வரும் இன்மை அழிவுபாட்டின்மை: அதற்குத் தொடக்கம் உண்டு, முடிவு இல்லை. வெட்டுவதற்கு முன் தகடு காலவரையின்றிக் காத்திருக்கும். வெட்டிய பிறகு அந்த இடத்தில் அந்தத் தகடு இனி ஒருபோதும் இராது. வெல்டிங் வைத்து அடைக்கலாம், துண்டு வைத்து ரிவெட் அடிக்கலாம். வருவது வேறொரு தகடு. உடைந்த குடத்தை ஒட்டினால் பழைய குடம் திரும்பிவிட்டது என்று நையாயிகர் சொல்ல மாட்டார்கள். பட்டறையில் கோட்டுக்கு உள்பக்கமாகவே வெட்டுவதும், கருவிகளை முரட்டிலிருந்து நயத்துக்கு என்ற வரிசையில் எடுப்பதும் இந்த ஒருவழிப் பாதையால்தான். ஜிக்சா கோட்டுக்கு ஒரு மி.மீ. உள்ளே நிற்கும், அரைவட்ட அரம் அந்த மீதியைத் தின்று கோட்டைத் தொடும், எமரித் தாள் பிசிறை எடுக்கும். குறைவாக எடுக்கும் கருவி கடைசியில் வருகிறது. டிரில் பிட் வழுக்காமலிருக்க சென்டர் பஞ்சால் ஒரு குழி தட்டிக்கொள்வதும், அளவை அட்டையில் வரைந்து வெட்டி விசிறியை அதன் மேல் வைத்துப் பார்ப்பதும் முன்னின்மையின் காலத்தில் செய்யக்கூடிய வேலைகள். அந்தக் காலம் முடிந்தபின் அவற்றால் பயனில்லை.

அழிந்தது என்று சொன்னாலும் தகடு உலகத்தை விட்டுப் போய்விடவில்லை. உள்ளது அழியாது, வடிவம் மாறும் என்ற சற்காரிய வாதத்துக்குப் பட்டறை மேசை நல்ல ஆதரவு. ஹோல்சா நடுவில் ஓட்டையுள்ள ஒரு வில்லையைத் தரும். நிப்ளர் கைநிறையச் சிறு துண்டுகளைத் தரும். உராய்வு வட்டு கண்ணுக்குத் தெரியாத தூளைத் தரும். கருவித் தேர்வு என்பது இந்தக் கழிவு எந்த வடிவில் வர வேண்டும் என்ற தேர்வும்கூட. வில்லை எங்கும் ஓடாது. தூளும் சீவலும் மின்கடத்திகள். தாய்ப்பலகையின் இரண்டு முனைகளுக்கு நடுவே ஒரு சீவல் விழுந்தால் மின்சாரம் பாயும்போது குறுக்குச் சுற்று ஏற்படும். விசிறியின் காந்தம் எஃகுத் தூளை இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் எந்தக் கருவியானாலும் பெட்டியை முழுக்கக் காலி செய்துவிட்டு, முடிந்தால் பக்கத் தகட்டையும் கழற்றித் தனியே வைத்து வெட்ட வேண்டும். வெட்டிய ஓரத்தில் பூச்சு போய் எஃகு வெளியே தெரியும். ஈரக்காற்றுள்ள ஊரில் ஒரு கை பெயின்ட் பூசாவிட்டால் துரு அங்கிருந்து உள்ளே புகும்.

எந்தக் கருவியும் செல்லாத பொருளும் உண்டு. இன்றைய பெட்டிகள் பலவற்றில் பக்கத் தகட்டுக்குப் பதிலாக டெம்பர்டு கண்ணாடி வருகிறது. 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேற்றிக் காற்றால் சட்டென்று குளிரவைத்த கண்ணாடி அது. மேற்பரப்பு நெருக்கத்திலும் உள்ளே இழுவிசையிலும் எப்போதும் முறுக்கேறி நிற்கும். டிரில் பிட் அந்தச் சமநிலையை ஓரிடத்தில் குலைத்தால் தகடு முழுவதும் ஒரே நொடியில் சிறுசிறு மணிகளாகச் சிதறும். திருகுத் துளை வேண்டுமென்றால் சூடேற்றுவதற்கு முன்பே போட்டிருக்க வேண்டும். வெட்டுதலின் இயல்போடு வெட்டுப்படுதலின் இயல்பையும் சாக்ரடீஸ் சேர்த்துக் கேட்டதன் நியாயம் இங்கே தெளிகிறது. இந்தப் பொருளில் பின்னது கைக்கருவிக்கு இடமே விடவில்லை.

1990களின் இறுதியிலும் 2000களின் தொடக்கத்திலும் பழுப்பு நிறத் தகரப் பெட்டிகளை வீட்டிலேயே வெட்டித் திறந்தவர்களின் வேலையில் பெரும்பகுதியை இன்று தொழிற்சாலை எடுத்துக்கொண்டது. 1998இல் வந்த ஆப்பிளின் ஐமேக் உள்ளிருப்பது மங்கலாகத் தெரியும் வண்ண பிளாஸ்டிக்கில் இருந்தது. சாளரமும் வலை முகப்பும் விசிறித் துளையும் சில ஆண்டுகளில் பெட்டியோடு சேர்ந்தே விற்பனைக்கு வந்தன. தொழிற்சாலையின் பவர் பிரஸ் ஒரே அடியில் துளைக்கிறது. வியாபாரம், கரணம், நிமித்தம் எல்லாம் அங்கேயும் உண்டு, முடிவெடுப்பது மட்டும் பெட்டியை வாங்குபவர் அல்ல. வாங்குபவர் கைக்கு இன்னும் மிஞ்சியிருப்பவை சிறு துளைகள்: நீர்க்குளிர்விப்புக் குழாய் நுழைய ஓர் இடம், கேபிளைத் தாய்ப்பலகைக்குப் பின்புறமாக ஓட்ட ஓர் இடம். அவற்றுக்குக் குழாயின் விட்டத்துக்குப் பதிலாக, துளையின் ஓரத்தில் பொருத்தும் ரப்பர் குரோமெட்டின் பள்ளத்து விட்டத்தை அளந்து, ஸ்டெப் டிரில்லை அந்தப் படிவரை மட்டும் இறக்கி நிறுத்தினால் போதும்.